பழைய ஒபிஸ் ஆக்கள் எங்களை எப்பிடித்தான் நினைச்சு வச்சிருக்கிறாங்க?

லிங்கநகர் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். இது பெரிய பிரச்சினை ஒண்டும் இல்லை, ஆனா கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிக்கொண்டே இருக்கு, வீட்டில சொன்னா "இதுக்கெல்லாம் யோசிப்பியா" எண்டு சிரிக்கிறாங்க, அதான் இங்க கொண்டு வந்து போடுறன்.

நான் முந்தி வடக்கும் கிழக்கும் ஒரே மாகாண சபையா இருந்த காலத்தில திருகோணமலையில ஒரு திணைக்களத்தில கணக்குப் பகுதியில வேலை செய்தனான். 2006 ஒக்டோபர்ல கோர்ட் தீர்ப்பு வந்து 2007 ஜனவரி 1ல இருந்து மாகாணம் ரெண்டாப் போக எங்கட ஒபிசும் ரெண்டாப் போச்சு. ஃபைலைப் பிரிச்சாங்க, அலுமாரியைப் பிரிச்சாங்க, ஆக்களையும் பிரிச்சாங்க. வடக்குக்குப் போன ஆக்கள் கொஞ்சக்காலம் இஞ்ச வரோதயநகர்ல இருந்தே வேலை பாத்திட்டுப் பிறகு யாழ்ப்பாணம், வவுனியா எண்டு போயிட்டாங்க, இஞ்ச நிண்ட நாங்களும் ட்ரான்ஸ்பர், பென்ஷன், வெளிநாடு எண்டு சிதறிட்டம்.

இப்ப ஆரோ ஒரு புண்ணியவான் எல்லாற்ற நம்பரையும் தேடிப்பிடிச்சு வட்சப் குரூப் ஒண்டு துவங்கியிருக்கிறார். என்னைச் சேர்த்த உடனே வந்த முதல் மெசேஜ் என்ன தெரியுமா, "எங்கட அழுமூஞ்சிப் பிள்ளை வந்திட்டா!!" அதுக்குக் கீழ பத்துப் பதினைஞ்சு சிரிப்பு மூஞ்சி.

எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. கேட்டா, 98லயோ 99லயோ ஓடிட் (கணக்காய்வு) வந்த நேரம் நான் ஸ்டோர் ரூமுக்குள்ள போய் நிண்டு அழுததாம். சத்தியமா எனக்கு அப்பிடி ஒண்டு நினைவிலேயே இல்லை. ஆனா மூண்டு பேர் சாட்சி சொல்றாங்க, அதில ஒரு மிஸ் நான் அண்டைக்குக் கட்டியிருந்த சாறியின்ட நிறம் வரைக்கும் சொல்றா.

அதை விடுங்க. என்னை உண்மையில சுட்டது வேற. ஒரு டிசம்பர்ல கரண்ட் இல்லை, கம்பியூட்டரும் படுத்திட்டுது, நத்தாருக்கு முதல் சம்பளம் போட்டாகணும். முழு ஸ்டாஃபின்ட சம்பளப் பட்டியலையும் அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப்படி, கடன் கழிவு எண்டு ஒவ்வொரு நிரலா இருட்டினாப் பிறகும் தனிய இருந்து கையால எழுதி முடிச்சது நான். என்ர சர்வீஸ்லயே நான் பெருமைப்படுற வேலை அதுதான். இப்ப குரூப்பில ஒருத்தர் அந்தக் கதையை எடுத்து, அதைச் செய்தது மற்றப் பிள்ளை (எனக்குப் பக்கத்து மேசையில இருந்தவ) எண்டு எழுத, எல்லாரும் அவவுக்குக் கைதட்டுறாங்க. அவவும் "அந்தக் காலம் அப்பிடி" எண்டு போட்டிருக்கிறா!

வாற மாதம் உப்புவெளிப் பக்கம் எல்லாரும் சேந்து லஞ்ச். போறதா இல்லையா எண்டே யோசிக்கிறன். நாங்க செய்த வேலை எல்லாம் மறந்து, அழுதது மட்டும் எப்பிடி மனுசருக்கு நிக்குது? போனா இதைத் திருத்திச் சொல்றதா, பேசாம சோத்தைச் சாப்பிட்டிட்டு வாறதா?


கிண்ணியா நாநா:

தங்கச்சி, போங்க, கட்டாயம் போங்க, இதுக்கெல்லாம் லஞ்சை விடுறதா.

என்ட கதையைக் கேளுங்க. நான் டவுன்ல ஒரு ஒபிஸ்ல கன காலம் வேலை. 2009ல பாலம் திறக்கும் வரைக்கும் கிண்ணியாவில இருந்து டவுனுக்கு வாறதெண்டா பாதையில (தண்ணியைக் கடக்கிற மிதவை) ஏறித்தான் கடக்கணும், இப்ப உள்ள பொடியனுகளுக்கு இது தெரியாது, 396 மீட்டர் பாலத்தில ரெண்டு நிமிசத்தில பைக்கில பறக்கிறானுகள். அந்த நாள்ல பின்னேரம் பாதையை விட்டா அடுத்தது எப்ப வரும் எண்டு சொல்லேலாது, காத்து மழை எண்டா இன்னும் மோசம், செக் பொயிண்ட்ல இறக்கி ஏத்துற வேற. அதனால நாலு மணி ஆனா நான் பேக்கைத் தோள்ல போட்டுட்டு வாசல்ல ஒரு கால் வெச்சிட்டுத்தான் நிப்பன்.

ஆனா காலையில? சுபஹு தொழுதிட்டு முதல் பாதையில ஏறி ஏழு மணிக்கு முதலே ஒபிஸ் வாசல்ல நிப்பன், கதவு திறக்கிற ஆளே எனக்குப் பிறகுதான் வருவார். ஒரு மணித்தியால வேலை முடிஞ்சி இரிக்கும் மத்தாக்கள் வாற நேரம். அதை ஆரு கண்ட? அவங்க எல்லாம் ரெட் லைன் (பிந்தி வந்தா சைன் புத்தகத்தில விழுற சிவப்புக் கோடு) விழப்போகுதெண்டு எட்டரைக்கு ஓடி வாற ஆக்கள், சைன் புத்தகத்தைத் தேடுவாங்களா, என்ட மேசையைப் பாப்பாங்களா.

பிரியாவிடையில ஒரு சேர் மைக்கைப் பிடிச்சிச் சொன்ன, "எங்கட நாநா பாலம் கட்டின பிறகும் பாதைக்கு ஓடின ஒரே மனுசன்" எண்டு. முழு மண்டபமும் சிரிச்சி விழுந்த. நானும் சிரிச்சன், ஏனெண்டா அது உண்மை, பாலம் வந்த பிறகும் நாலு மணிக்குக் காலு தானா எழும்பிரும் ஹா ஹா.

நான் சொல்ல வாற என்னெண்டா, அவங்களிட கண்ணு எப்ப உங்கட பக்கம் திரும்பிச்சோ அந்த நேரம் நீங்க எப்பிடி இருந்தீங்களோ அதுதான் அவங்களிட கையில இரிக்கு. நீங்க இருட்டினாப் பிறகு எழுதின பட்டியல், அவங்க எல்லாம் வீட்ட போனாப் பிறகு நடந்த வேலை தங்கச்சி. எப்பிடித் தெரியும் அவங்களுக்கு?


மனம் படிக்கிறவன்:

நாநா சொன்னது சரி. நான் உளவியல் படிச்சனான், டியூட்டரி ஒண்டில படிப்பிக்கிறன், அதால கொஞ்சம் லெக்சர் மாதிரி வந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க.

முதல்ல நல்ல செய்தி. ஆக்கள் எங்களை லேசில மறக்கிறதில்லை. 1975ல அமெரிக்காவில பாரிக் எண்டவரும் கூட்டாளிகளும் செய்த ஆராய்ச்சி ஒண்டு இருக்கு, 17 வயசில இருந்து 74 வயசு வரைக்கும் 392 பேரைப் பிடிச்சு அவங்கட பள்ளிக்கூடக் காலத்து வகுப்புத் தோழர்களின்ட படங்களைக் காட்டிப் பாத்தது. படிப்பை விட்டு 30 வருசம் தாண்டின ஆக்களும் பத்தில ஒம்பது முகத்தைச் சரியாக் கண்டுபிடிச்சாங்க. ஆனா படம் ஒண்டும் காட்டாம "உங்கட வகுப்பில ஆரார் இருந்தவங்க, பேரைச் சொல்லுங்க" எண்டா அதில கொஞ்சம்தான் வந்தது. முகம் நிக்கும், மற்றதுக்கு ஒரு கொழுக்கி வேணும். உங்கட குரூப்புக்கு "ஓடிட் நேரம் அழுகை" எண்டது அந்தக் கொழுக்கி, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் ஒழுங்கா லெட்ஜர் எழுதினது கொழுக்கியா வராது, ஏனெண்டா எல்லாரும் அதைத்தான் செய்தவங்க.

ரெண்டாவது, அந்தச் சாறி நிறம். எலிசபெத் லொஃப்டஸ் எண்ட அம்மா 1995ல வெளியிட்ட ஒரு சோதனையில, "நீ சின்னனில ஒரு பெரிய கடைத்தொகுதியில தொலைஞ்சு போனாய்" எண்டு நடக்காத ஒரு கதையை, நடந்த கதைகளுக்குள்ள கலந்து குடுத்தவங்க, வீட்டாக்களே சொன்ன மாதிரி. கால்வாசிப் பேர் அது நடந்ததெண்டு முழுசாவோ அரைகுறையாவோ நம்பி, தாங்களே விவரமும் சேத்துச் சொன்னாங்க. அப்ப தேத்தண்ணி நேரத்தில பத்துத்தரம் கேட்ட கதைக்கு ஒரு நிறம் ஏறுறது பெரிய வேலையா?

மூண்டாவது உங்களுக்குப் பிடிக்காது. 1979ல ரொஸ், சிக்கோலி எண்டு ரெண்டு பேர் புருசன் பெண்சாதியைத் தனித்தனியாக் கேட்டவங்க, வீட்டு வேலையில உங்கட பங்கு எவ்வளவு எண்டு. ரெண்டு பேற்ற பங்கையும் கூட்டினா நூறைத் தாண்டிப் போச்சு. பொய் சொன்னதில்லை, தான் செய்தது தனக்கு வடிவா நினைவிருக்கும், மற்றவர் செய்தது கண்ணில பட்ட அளவுக்குத்தான். அக்கா, அந்தச் சம்பளப் பட்டியல்... நீங்க "தனிய" எண்டு சொல்றீங்க. அதைக் கொஞ்சம் யோசிங்க.


லிங்கநகர் அக்கா:

தம்பி நல்லா லெக்சர் அடிக்கிறீங்க. நான் அந்தப் பட்டியலை எழுதி எழுதி விரல்ல பேனைத் தடம் விழுந்தது எனக்குத் தெரியும், அமெரிக்காக்காரனுக்குத் தெரியாது. யோசிச்சுப் பாக்கிறன், ஆனா இப்ப இல்லை.

நாநா, நீங்க சொன்னது எனக்குப் பட்டுது. ஓம், அவங்க எல்லாம் அஞ்சு மணிக்குப் போயிட்டாங்கதான்.


வடக்கால போனவன்:

நானும் அந்தப் பிரிவில திருகோணமலையை விட்டுப் போன ஒராள்தான் (வேற திணைக்களம், பயப்பிடாதேங்கோ அக்கா, உங்கட குரூப்பில நான் இல்லை). இப்ப யாழ்ப்பாணத்தில இருக்கிறன். மற்றாக்கள் சொல்லாத ஒண்டைச் சொல்லுறன்.

போன ஆக்களுக்கும் நிண்ட ஆக்களுக்கும் நினைவு வேற வேற. எங்களுக்கு அந்த ஒபிஸ் நாங்கள் வெளிக்கிட்ட நாளோட அப்பிடியே நிண்டிட்டுது. வாசலுக்கு வாற மான், கோணேசர் கோயிலால வந்து திருநீறு பூசி விடுற பியூன் அண்ணை, மாதக் கடைசியில சீட்டுக் காசு சேர்க்கிற ரீச்சரம்மா (ரீச்சர் இல்லை, நடை அப்பிடி), எல்லாரும் அதே வயசில அதே கதிரையில இருக்கினம். நிண்ட ஆக்களுக்கு அப்பிடி இல்லை, அதே கதிரையில பிறகு வேற நாலு பேர் வந்து இருந்திட்டினம், அவையின்ர முகம் ஒண்டுக்கு மேல ஒண்டு படிஞ்சு போச்சு. அதால ஆர் எதைச் செய்தது எண்டு அவை மாறிச் சொல்லுறது எனக்குப் புதினம் இல்லை. என்னைப் பற்றி ஒரு முறை திருகோணமலையில நிண்ட நண்பர் ஒருத்தர் பத்து நிமிசம் புழுகினார், நான் மூதூருக்கு லோஞ்சில போய் ஃபைல் எடுத்துக்கொண்டு வந்த கதை எண்டு. நான் மூதூருக்கு வேலையா ஒரு நாளும் போகேல்லை! ஆரோ ஒரு பாவத்தின்ர கஷ்டம் எனக்கு வந்து சேர்ந்திருக்கு. நான் திருத்தேல்லை, கேக்க நல்லா இருந்தது.

ஆனா அது எனக்கு வந்த புகழ். உங்களிட்ட இருந்து போன புகழ், அது வேற கதைதான். குரூப்பில மட்டும் திருத்தாதேங்கோ. குரூப்பில திருத்தினா அடுத்த முப்பது வருசத்துக்கு நீங்கள் "அழுமூஞ்சி" இல்லை, "சண்டைக்காரி". அண்டைக்குப் பக்கத்தில நிண்ட ஆர் ஒருத்தரையாவது தனியப் பிடிச்சுக் கதையுங்கோ.


அச்சுக்கூடத்துக் கண்ணாடி:

இந்த திரெட்டை நேத்து ராத்திரி முழுக்க வாசிச்சன், நான் சொல்லாம விடேலாது, ஏனெண்டா பழைய ஆக்கள் எங்களைப் பற்றி என்ன நினைச்சிருக்கிறாங்க எண்டது என்ர மேசைக்குத்தான் கடைசியா வந்து சேருறது. டவுன்ல ஒரு அச்சகத்தில டைப் செட்டிங், லே அவுட் எல்லாம் செய்யுறன், வருசக்கணக்கா. அந்தியேட்டிக்குக் குடுக்கிற கல்வெட்டு எவ்வளவு அடிச்சிருப்பன் எண்டு எனக்கே தெரியாது. (வெளிநாட்டில பிறந்த பிள்ளையள் கல்வெட்டு எண்டா சோழர் காலம் எண்டு நினைக்கும், இது 31ம் நாள் வீட்டில குடுக்கிற நினைவுமலர்ப் புத்தகம் அப்பு.)

வீட்டாக்கள் வந்தா எல்லாம் ஒரே மாதிரித்தான். முன்பக்கம் படம், தோற்றம் மறைவு திகதி, உள்ளுக்க பிள்ளையார் படம், தேவாரம், சிவபுராணம், பிறகு "பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம், சிரித்த முகம், சிந்தையில் தெளிவு". உண்மையைச் சொல்லப்போனா கம்பியூட்டர்ல ஒரு ஃபைல் வச்சிருக்கிறன், பேரை மாத்தினாச் சரி. மருமகன், சம்மந்தி, பேரப்பிள்ளைகள் எல்லாற்ற பகுதியும் அந்த ஃபைல்ல இருந்துதான் போகும். வீட்டாக்களைக் குறை சொல்லேல்ல, அந்த நேரத்தில அவங்களுக்கு அழுறதுக்கே நேரம் காணாது, எழுதவா போறாங்க.

ஆனா சில வேளை பின்னேரம் ஒரு ஆள் வருவார். சைக்கிள்ல, இல்லாட்டி பஸ்ஸில மூதூர், தம்பலகாமம், குச்சவெளி எண்டு தூரத்தில இருந்து. சேட் பொக்கட்டில இருந்து நாலா மடிச்ச கொப்பித் தாள் ஒண்டை எடுப்பார். "தம்பி, நான் அவரோட வேலை செய்தனான், இதையும் ஒரு மூலையில போட ஏலுமோ, வீட்டில கேட்டிட்டன்." அந்தத் தாளை வாசிச்சா, அங்கதான் ஆள் இருப்பார்.

ஒருத்தரைப் பற்றி எழுதியிருந்தது: மழை வந்தா ஒபிஸ் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்த் தன்ர சைக்கிள் சீட்டுக்கு மட்டுமில்லை, அந்த வரிசையில நிக்கிற எல்லாச் சைக்கிள் சீட்டுக்கும் ஷொப்பிங் பேக் கட்டிவிடுவாராம். அதுக்கெண்டே லாச்சியில பேக் சேத்து வச்சிருப்பாராம். அவற்ற மனுசி அதை என்ர மேசையில வச்சு வாசிச்சிட்டு, "வீட்டில இந்த மனுசன் கூரை ஒழுகினாக் கூட எழும்பாதே" எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சா. செத்தவீடு முடிஞ்சு அதுதான் முதல் சிரிப்பு எண்டு மகள் சொன்னா.

இன்னொருத்தர் பெரிய பதவியில இருந்து ரிட்டயர் ஆனவர், மேடை மேடையாப் பேசினவர், விருதெல்லாம் எடுத்தவர், வீட்டாக்கள் விருதுப் பட்டியலே ஒரு பக்கத்துக்குத் தந்தாங்க. அவரோட வேலை செய்த டிரைவர் ஒருத்தர் எழுதிக் கொண்டு வந்தது நாலு வரி. அவர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போற நாள்ல ஹபரணையில வாகனத்தை நிப்பாட்டி, டிரைவர் சாப்பிட்டு முடியும் வரைக்கும் தான் எழும்பமாட்டாராம், அவர் முதல்ல கை கழுவினா டிரைவர் அவசரப்படுவார் எண்டு சோத்தைக் கிளறிக்கொண்டே இருப்பாராம். அவ்வளவுதான். விருதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அக்கா, நல்லாக் கவனிச்சிருக்கிறன், வேலை செய்த ஆக்கள் கொண்டு வாற தாளில "திறமையானவர்" எண்டது அபூர்வம், அப்பிடி வந்தாலும் சும்மா மரியாதைக்கு. தங்களுக்கு என்ன நடந்தது எண்டதைத்தான் எழுதுவாங்க. எனக்குக் கடன் தந்தார், எனக்கு ஏசினார், என்ர லீவு ஃபோர்மில கையெழுத்து வைக்கேல்ல (இதையும் ஒருத்தர் எழுதினவர், வீட்டாக்கள் வெட்டச் சொல்லிட்டாங்க). நீங்க நல்லா எழுதின சம்பளப் பட்டியல்ல அவங்களுக்கு நடந்தது, சம்பளம் வந்தது. அது எல்லா மாதமும் வாறது தானே.


மட்கோ பொடியன்:

அச்சுக்கூடம் அண்ணா, சைக்கிள் சீட் கதை 🙏

எங்கட அப்பப்பா டொக்யார்ட்ல வெள்ளைக்காரன்ட காலத்தில வேலை செய்தவர், 1957ல அவங்க துறைமுகத்தை ஒப்படைச்சிட்டுப் போகும் வரைக்கும். வீட்டில வாயே திறக்கமாட்டார், நாங்க பேரப்பிள்ளைகள் எல்லாம் அவரைக் கண்டா ஒளிக்கிறது. அவர் மோசம் போன நேரம் சரியான வயசான ஒரு ஐயா வந்து பெட்டிக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "உங்கட அப்பப்பா பாடத் துவங்கினா பெயின்ட் அடிக்கிற ஆக்கள் எல்லாம் வேலையை விட்டிட்டு நிப்பாங்கள், ஃபோர்மன் வந்து ஏசுவான்" எண்டார். கூத்துப் பாட்டாம். எங்கட அப்பா நம்பவே இல்லை, ஐயாவுக்கு ஆள் மாறிப்போச்சு எண்டார். அத்தை நம்பினா. இண்டைக்கும் எங்கட வீட்டில அது தீராத வழக்கு.


மனம் படிக்கிறவன்:

அச்சுக்கூடம் அண்ணா சொன்னதுக்கு மேல ஆராய்ச்சி தேவையில்லை, ஆனாலும் ஒண்டு (மன்னிச்சிடுங்க, பழக்கதோசம்). கோர்னெல் யூனிவர்சிட்டியில கிலோவிச் எண்டவர் 2000ல போட்ட ஆராய்ச்சியில, ஒரு பாட்டுக்காரன்ட படம் போட்ட ரீசேட்டை, அதைப் போட வெக்கப்படுவாங்க எண்டு தெரிஞ்சே, மாணவர்களுக்குப் போடக் குடுத்து ஆக்கள் இருக்கிற ரூமுக்குள்ள அனுப்பினவங்க. போட்ட ஆக்கள் நினைச்சது கிட்டத்தட்டப் பாதிப்பேர் கவனிச்சிருப்பாங்க எண்டு, உண்மையில கவனிச்சது கால்வாசிதான். பெருமையான படத்தைப் போட்டு விட்டாலும் இதே கதைதான். எங்கட வெக்கத்தையும் ஆக்கள் நாங்க நினைக்கிற அளவுக்குப் பாக்கிறதில்லை, எங்கட பெருமையையும் பாக்கிறதில்லை.


லிங்கநகர் அக்கா:

அப்ப நான் அழுததை மட்டும் முழு ஒபிசும் பாத்ததெப்பிடி? ரீசேட் கணக்குப்படி கால்வாசிப்பேர் தானே பாத்திருக்கணும்!


மனம் படிக்கிறவன்:

மூண்டு பேர் தானே சாட்சி சொன்னது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க அக்கா 😄 மிச்ச ஆக்கள் போட்டது சிரிப்பு மூஞ்சி. சிரிக்கிறதுக்கு நினைவு தேவையில்லை.


உவர்மலைக் கிழவன்:

நான் நாலு வரிதான் எழுதுவன், கண் தெரியாது. எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குப் போனன். ஒருத்தரும் என்ர பேரைச் சொல்லேல்ல, எல்லாரும் பட்டப்பேர். அந்தப் பட்டத்தை எனக்கு வச்சவனே அங்க இருந்தான், ஏன் வச்சதெண்டு கேட்டா அவனுக்கே தெரியாது. மக்கெய்சர் கிரவுண்ட்ல நான் அடிச்ச கோலை நான் சொல்லித்தான் ஞாபகப்படுத்தினன், "அப்பிடியா மச்சான்" எண்டிட்டு ஆட்டிறைச்சியைப் போட்டுச் சாப்பிட்டாங்கள். பிள்ளை, போய்ச் சாப்பிட்டிட்டு வா. அந்தக் குரூப்பில அடுத்த லஞ்சுக்கு எல்லாரும் இருப்பாங்கள் எண்டு இல்லை.


லிங்கநகர் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. அப்டேட் ஒண்டு தாறன், சிரிக்கக்கூடாது.

வடக்கால போனவர் சொன்ன மாதிரிக் குரூப்பில ஒண்டும் எழுதேல்ல. அண்டைக்கு ராத்திரி ஒபிஸ்ல நிண்ட இன்னொரு ஆள் எங்கட பியூன் அண்ணை. இப்ப பாலையூற்றில மகளோட இருக்கிறார், வயசு போயிட்டுது, ஆனா நினைவு கத்தி. நேத்து பின்னேரம் போனன், ஒரு பிஸ்கட் பெட்டியோட.

என்னைக் கண்ட உடனே அவர் சொன்னது அழுகையும் இல்லை, பட்டியலும் இல்லை. "பிள்ளை, மானுக்கு வாழைப்பழத் தோல் குடுக்கிற பிள்ளை எல்லோ" எண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் எறியுற தோலைப் பேப்பர்ல சுத்தி வச்சிருந்து வாசலுக்கு வாற மானுக்குக் குடுப்பன், ஓம், அது உண்மை, நானே மறந்திருந்தன். அதில ஒரு மானுக்குக் காது வெட்டுப்பட்டு இருந்தது, அதுக்கு அவர் வச்ச பேர் கூட ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில வந்தது.

ஓடிட் அழுகையைக் கேட்டன். தனக்குத் தெரியாது, ஸ்டோர் ரூம் திறப்பு தன்ர இடுப்பிலதான் இருந்தது, தனக்குத் தெரியாம ஒருத்தரும் உள்ளுக்க போய் அழ ஏலாது எண்டு சொல்லிட்டார். இதை நான் குரூப்பில போடட்டா எண்டு கை துறுதுறுக்குது.

பிறகு மெல்ல அந்த டிசம்பரைக் கேட்டன். "அது எப்பிடி மறக்கும் பிள்ளை" எண்டார். எனக்கு நெஞ்சு படபடக்குது. "கரண்ட் இல்லை, கடையெல்லாம் பூட்டுற நேரம், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணிக்கூட்டுக் கோபுரத்தடி வரைக்கும் போய் அலைஞ்சு ஒரு பெட்டி மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வந்தன், இல்லாட்டி அந்த மாதம் ஒருத்தருக்கும் சம்பளம் இல்லை. இண்டைக்கு வரைக்கும் அந்த மெழுகுதிரிக் காசை ஒபிஸ் எனக்குத் தரேல்ல."

ஆர் எழுதினது எண்டு கேட்டன். "நீங்க ரெண்டு பேரும் தான் இருந்து கிறுக்கிக்கொண்டு இருந்தீங்கள், ஆர் எவ்வளவு எண்டு ஆருக்குத் தெரியும், எனக்கு மெழுகுதிரி பிடிக்கிறதே வேலை."

தம்பி மனம் படிக்கிறவன், ஒண்டும் சொல்லவேண்டாம்.

பக்கத்து மேசைக்காரிக்கு ராத்திரி கோல் எடுத்தன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல கதைச்சம். பட்டியலைப் பற்றி நான் வாயே திறக்கேல்ல. அவ தானாச் சொன்னா, தனக்கு அண்டைக்கு நல்ல காய்ச்சலாம், காய்ச்சலோட இருந்து எழுதினதை ஒருத்தரும் நினைச்சும் பாக்கேல்ல எண்டு எவ்வளவு காலமா மனசுக்குள்ள வச்சிருந்தவவாம், அதாலதான் குரூப்பில அந்தக் கதை வந்த உடனே சந்தோசத்தில அப்பிடிப் போட்டதாம். காய்ச்சல் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

லஞ்சுக்கு ரெண்டு பேரும் ஒரே ஓட்டோவில போறம்.


மனம் படிக்கிறவன்:

ஒண்டும் சொல்லேல்ல அக்கா. ஒரு சொல்லும் சொல்லேல்ல 🤐


அச்சுக்கூடத்துக் கண்ணாடி:

அக்கா, அந்த அண்ணைக்கு மெழுகுதிரிக் காசை லஞ்சில வச்சுக் குடுத்திடுங்க, குரூப்பில சேத்து. ரசீது வேணுமெண்டா நான் அடிச்சுத் தாறன், பழைய திகதி போட்டு.


கிண்ணியா நாநா:

வட்டியோட குடுக்கணும் தங்கச்சி, அந்த மனுசன் இவ்வளவு காலம் கணக்கு வெச்சிருக்கிறார் எண்டா சும்மா இல்லை. அப்பிடியே அந்த மெழுகுதிரி வித்த கடைக்காரரையும் தேடிப் பாருங்க, பூட்டுற நேரத்தில கடையைத் திறந்து வெச்சது தானெண்டு அவரும் ஒரு கதை வெச்சிருப்பார். லஞ்சுக்கு நாலு மணிக்கு முதல் வெளிக்கிடாதீங்க, எனக்கு வந்த பேர் உங்களுக்கும் வரப்போகுது.